சாம்பலில் வைத்த கத்தி

உட்காருங்கள், முனியாண்டி. தாப்பாவிலிருந்து முப்பத்தேழு மைல் மலையேறி நடந்து வந்திருக்கிறீர்கள், கால் வீங்கியிருக்கிறது. சீனி போடாத தேநீர்தான் தர முடியும். என் மனைவி பிலோமி கிழங்குக் கொல்லைக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். அதற்குள் பேசிவிடலாம்.

உங்கள் தம்பி வேலப்பனைத் தேடி வந்திருக்கிறீர்கள். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சுப்பிரமணியம்தான், "செல்லையா பிட்டரக் கேளுங்க, ரெண்டு பேரும் ஒரே பட்டறையில இருந்தவங்க" என்று இங்கே அனுப்பினாராம். சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார்.

ஆபீசில் பிட்டர் என்பார்கள், நான் கொல்லன்தான், நல்ல கொல்லன். பெருமைக்குச் சொல்லவில்லை, பன்னிரண்டு வருடமாக இந்த எஸ்டேட்டே சொன்னது. தேயிலைச் செடியின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து பண்ணுகிற கத்தி எல்லாம் என் கையால் செய்ததுதான். வெள்ளிபோலத் தேய்த்து மெருகேற்றி, பிடிக்குப் பித்தளைப் பூண் போட்டுத் தருவேன். முகம் பார்த்துத் தலை வாரலாம். பழைய துரைசானி சீமைக்குப் போனபோது என் கத்தி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினான், தொழிற்சாலை நின்றது. சோறு வேண்டுமென்றால் தேயிலையைத் தூரோடு பிடுங்கிவிட்டு மரவள்ளி நடு என்றார்கள். ஐம்பது வருடம் நிற்கிற சாதி அந்தச் செடி, வேர் சும்மா வருமா? வெட்டவேண்டும், குத்தவேண்டும், நெம்பவேண்டும். என் கத்திகள் அதற்குச் செய்தவை அல்ல. வாய் மடிந்தது, முனை போனது. வாரத்துக்கு நாலு பேர் உடைந்த கத்தியோடு வந்து நின்றார்கள்.

உங்கள் தம்பி அப்போது சும்மா இருந்தான். அவன் ஓட்டிய லோரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். பழைய ஸ்பிரிங் பட்டை நாலைந்து மட்டும் அவனிடம் மிச்சம். "அண்ணே, ஒரு ஓரமா உக்காந்து இத அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். அடித்துக்கொள் என்றேன். நான்தான் இடம் கொடுத்தேன், அதை மறக்கக் கூடாது.

அவன் செய்தது கத்தி மாதிரியே இருக்காது. விரல் கனத்துக்கு முதுகு, மேலெல்லாம் சுத்தியல் தடம், உலையிலிருந்து வந்த கறுப்பு அப்படியே இருக்கும். பிடிக்கு இரண்டு மரத்துண்டை வைத்து ஆணி அடித்துவிடுவான். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை வேருக்கடியில் சொருகி, முதுகில் கட்டையால் அடித்து, மேலே ஏறி நின்று நெம்பினாலும் ஒன்றும் ஆகாது. கிராணியே ஒன்று வாங்கிக்கொண்டு என் முன்னாலேயே சொன்னார்: "பாக்கத்தான் எருமை மாதிரி இருக்கு, செல்லையா. ஆனா எருமை மாதிரி ஒழைக்குது லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் என் பக்கம் யாரும் வரவில்லை. லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள் என்னைத் தாண்டி மூலையில் இருக்கிறவனிடம் போவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? நேற்றுவரை ஸ்டீரிங் பிடித்த கை, என் உலையில், என் துருத்தியில், என்னைவிட நல்ல கத்தி செய்கிறது. சொல்லப்போனால் அதையும் பொறுத்திருப்பேன். ஒருநாள் அடுப்படிக்குப் போனேன். பிலோமி அவன் கத்தியால் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னோடது எங்க?" என்றேன்.

"அது முனை போச்சுங்க. இது நல்லா ஒழைக்குது. வேலப்பன் தம்பி குடுத்துச்சு."

"நான் வேற அடிச்சுத் தரமாட்டேனா?"

"அதுவும் போயிரும். கத்திதானே, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். உங்கள் தம்பி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், தலை நிமிர்ந்து பேசமாட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு குற்றம் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருடம் ஜூன் மாதம் ஜப்பான்காரன் சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. கூலி ஆட்களோடு ஒரு கொல்லனும் வேண்டுமாம். எங்கள் இருவரில் ஒருவன் போகவேண்டும். போகிறவனுக்கு அங்கே பட்டறையில் வேலை, கூரைக்குக் கீழே, அரிசிச் சோறு என்று கிராணி படித்துக் காட்டினார். யார் போவது என்பதை ஜப்பான் அதிகாரியே முடிவு பண்ணினான். ஆளுக்கொரு புதுக் கத்தி செய்யவேண்டும், சனிக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் வெட்டிப் பார்ப்பான், நல்ல கத்தி செய்தவன் எஸ்டேட்டில் இருக்கலாம்.

எனக்குக் குடும்பம் இருக்கிறது, அவன் தனிக்கட்டை. யாராவது ஒருவர் போய்த்தான் ஆகவேண்டும். நியாயமாகப் பார்த்தால் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள்.

கத்தி வேலையில் ஒரு விஷயம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் தோய்த்தால் அது கெட்டியாகும். ஆனால் அந்தக் கெட்டி கண்ணாடிக் கெட்டி, தட்டினால் நொறுங்கும். மறுபடி அதைச் சூடான சாம்பலில் புதைத்து, மெதுவாக இளக்கவேண்டும். அப்போதுதான் உழைக்கும். மெருகு போட்ட கத்தியென்றால் இளகினதும் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, நீலம் என்று மேலே தெரியும். வேலப்பன் கத்தி கறுப்பு. அதில் எதுவும் தெரியாது. சாம்பலில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது மட்டும்தான் கணக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் கத்தியைத் தோய்த்துச் சாம்பலில் புதைத்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அண்ணே, கெழங்கெல்லாம் வெளிய கெடக்கு, அள்ளிப் போட்டுட்டு வந்துர்றேன். கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். குலத்தொழிலாகக் கற்றவன் எவனும் தன் இரும்பை இன்னொரு கொல்லன் நெருப்பில் விட்டுவிட்டுப் போகமாட்டான். அவன் லோரி ஓட்டினவன், யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் தலை மறைந்ததும் குறடால் கத்தியை எடுத்து ஈரத்தரையில் வைத்தேன். ஒரு பீடி பிடித்தேன். மழை விட்டு அவன் வருவது தெரிந்ததும் எடுத்து மறுபடி சாம்பலில் செருகினேன். அவன் தொட்டுப் பார்த்தான், மேலே சுட்டது. "நல்லா வந்துருக்குண்ணே" என்று பிடி போட உட்கார்ந்தான். நான் பிடிக்கு ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பெரட்டில் ஆண், பெண், பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். பிலோமியும் நின்றாள். முதலில் என் கத்தியால் ஒரு சிப்பாய் மரக்கட்டையில் ஐந்தாறு வெட்டு வெட்டினான். வாய் கொஞ்சம் மடிந்தது, அவ்வளவுதான். அப்புறம் வேலப்பன் கத்தி. இரண்டாவது வெட்டில் மூன்று துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு சிப்பாயின் கன்னத்தைக் கிழித்தது.

வேண்டுமென்றே செய்தான் என்று அதிகாரி கத்தினான். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது, சத்தம் எனக்குக் கேட்டது. பட்டறை வேலை இல்லை, மண் சுமக்கிற கூலி என்று அவன் பெயரை மாற்றி எழுதச் சொன்னார்கள். கிராணி எழுதினார். பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

லோரியில் ஏற்றும்போது பக்கத்தில் போனேன். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் வலியைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"அண்ணே, சாம்பல்ல சூடு இருந்துச்சுல்ல?" என்று கேட்டான்.

"இருந்துச்சுப்பா."

"அப்ப எங்கண்ணே தப்புப் பண்ணுனேன்?"

இரும்பு பழசு, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் மனசு சமாதானமாகப் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அங்கிருந்து தப்பி வந்த பழனியப்பன் இரண்டாவது லயத்தில் இருக்கிறான், நீங்கள் போய்ப் பார்க்கலாம். கை முறிந்தவனால் கூடை சுமக்க முடியவில்லை, சுமக்காதவனுக்குச் சோறு கிடையாது, இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை என்றான். ஆற்றங்கரையில் நிறையப் பேரோடு புதைத்தார்களாம். அழாதீர்கள், முனியாண்டி. நான் உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறேன். அவனா நானா என்று வந்த இடம் அது. எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

என்ன கேட்டீர்கள்? போட்டிக்கு முன்னால் அவன் என்னிடம் எதுவும் பேசவில்லையா என்றா?

பேசினான். வியாழக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில், நீங்கள் இருக்கிற இந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தான். "போட்டியெல்லாம் எதுக்குண்ணே? அக்காவ விட்டுட்டு நீங்க எப்படிப் போவீங்க? நாளைக்குக் காலையில ஆபீசுல போயி எம்பேர நானே குடுத்துர்றேன். அங்கயும் பட்டறை வேலதானே" என்றான். பிலோமி உள்ளே இருந்தாள், அவள் காதில் விழவில்லை.

நான் வேண்டாம் என்றேன். போட்டி நடக்கட்டும் என்று அடித்துச் சொன்னேன். பின்னே என்ன செய்வது? அவன் பாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவன் கத்தி கடைசிவரை உடையாத கத்தியாகவே இருந்திருக்கும். பிலோமியும் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.