சுறாவுக்குப் போட்ட தப்பு

“ஏன் டீச்சரம்மா, அந்தச் சுறாவுக்கு இன்னாத்துக்குத் தப்பு போட்ட?”

தாம்பரத்தில் கிளம்பாமல் நின்ற கோவளம் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள். பக்கத்தில் ஒரு டீச்சர் ஜெராக்ஸ் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விலங்குப் படங்களை வெட்டி, ‘முட்டை இடுபவை’, ‘குட்டி போடுபவை’ என்ற இரண்டு கட்டங்களில் ஒட்டியிருந்தார்கள்.

“இந்தப் பொண்ணு சுறாவைக் குட்டிக் கட்டத்துல ஒட்டியிருக்கா. மீன் முட்டைதானேம்மா போடும்?”

“பால் சுறா குட்டிதான் போடும். அறுக்கச்சொல்ல வயித்துல எத்தினி வாட்டி பாத்துகீறேன்.”

“புக்ல அப்படி இல்லையே.”

“புக்கு எழுதுனவரு மீன் அறுத்துகீறாரா?”

டீச்சர் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“புள்ள பெத்தப்போ பால் ஊறணும்னு பால் சுறா புட்டு துன்னுருப்பியே?”

“ரெண்டு தடவையும் சாப்பிட்டேன்.”

“துன்னுட்டுமா இப்டி சொல்ற?”

டீச்சர் அந்தத் தப்பை அடித்துவிட்டுச் சரி போட்டார். மற்ற தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் சுறா முட்டைக் கட்டத்தில்தான் இருந்தது.

“ஐயோ, மொத்த கிளாஸும் நான் போர்டுல ஒட்டிக் காட்டின மாதிரியே ஒட்டியிருக்கு.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நாளைக்கு ஸ்கூலுக்கு ஒரு பால் சுறா எடுத்துட்டு வரீங்களா?” என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

“எடுத்தாறேன். அந்தப் புக்கு எழுதுனவரையும் வரச் சொல்லு.”