வெறும் சிலிண்டர்

– அந்தக் கயித்த அவுருங்க. விறகே எனக்குப் போதும்.

– சும்மா இரி றாபியா. காம்ப்புக்குப் போற இங்கினியாகல பஸ் வாற நேரம். சந்திக்குக் கொண்டுபோகச் சைக்கிள்ள கட்டியாச்சு, மறுகா என்ன?

– ஆரு அந்தச் சிலிண்டருக்குக் காஸ் நிரப்பித் தாற? துரைதான் அணைக்கட்டு வேலை முடிஞ்செண்டு கப்பலேறிட்டாரே.

– துரை போனா என்ன, அவர்ட பெரிய சிலிண்டர் காம்ப்புல கிடக்கு. மெக்கானிக் இளையதம்பி குழாய் வெச்சு அதுல இருந்து மாத்தித் தாறெண்டான்.

– பள்ளிக்கூட மாஸ்டர் இதுல இரிக்கிற இங்கிலீச வாசிச்சுச் சொன்னாரு. கொம்பனியத் தவிர ஆரு நிரப்பினாலும் குத்தமாம்.

– கொம்பனி அமெரிக்காவுல இரிக்கி. நான் இதத் தூக்கிட்டு கடல் தாண்டிப் போகவா?

– பொலிசு இங்க கல்முனையிலதான் இரிக்கி. அத உடுங்க, துரை என்ன சொல்லித் தந்தாரு?

– நிறை பாத்து நிரப்பணும். வாய்முட்ட நிரப்பினா வெயில் பட்டு வெடிக்கும்.

– இளையதம்பி நிறுப்பானா?

– அவனுக்குக் கைமதிப்புத்தான். வெறும் சிலிண்டருக்கு எவ்வளவு நேரம் நிரப்பணுமெண்டு தெரியும்.

– அல்லாஹ்வே.

– உன்ட கண்ணப் பாரு. காஸ் முடிஞ்சு ஒரே நாள், மிளகாய் தேச்ச மாதிரிக் கிடக்கு. காஸ் வந்த மூணு மாசமும் நீ இருமினது எனக்குக் கேக்கல்ல.

– காம்ப்புல குசினி வேலை, கிழமைக்கு ஒருக்கா வாற மனிசன். உங்களுக்கு எப்பிடிக் கேக்கும்?

– வாற அண்டெல்லாம் நான் வந்து சேர முதல் சோறு கறி ஆக்கி, காஸ் அடுப்ப மினுக்கி வெச்சிருப்பாய். அதப் பாத்தா மனம் குளிரும் புள்ள. துரைக்கு மூணு வருசம் ரொட்டி சுட்டன். போற நேரம் என்ன வேணும் எண்டாரு. என்ட பொண்டாட்டி புகை திங்கப்படாதெண்டு இதத்தான் கேட்டன்.

– தெரியும். அதாலதான் நான் வாயத் திறக்கல்ல.

– கயித்துல இருந்து கைய எடு. வெறும் சிலிண்டருக்கும் என்ன பாரம் பாரன், சைக்கிளே சரியுது. வெள்ளக்காரன்ட இரும்பு லேசுப்பட்டதில்ல.

– இஞ்சருங்க, கொஞ்சம் நில்லுங்க. ஒண்டு சொல்லுவன். ஏசப்படாது.

– உன்ன நான் எப்ப ஏசின, கிளி? சொல்லு.

– நேத்து உங்கட கையால தேத்தண்ணி ஊத்தப் போறெண்டு காஸ் அடுப்பப் பத்தவெக்க எழும்பினீங்களே, அதத் தடுக்கத்தான் காஸ் முடிஞ்செண்டு பொய் சொன்னன். பயத்துல நான் அத ஒரு நாளும் பத்தவெக்கவே இல்ல. சிலிண்டர் துரை தந்தபடி நிறைஞ்சுதான் கிடக்கு.