ஆசீர்வாதம் பெற்ற கோல்

முதலில் உட்காருங்கள், ஐயா. நின்றுகொண்டிருப்பவர்களோடு பேசினால் எனக்குக் கழுத்து வலிக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.

என் பெயர் காஸியன். இந்தப் பள்ளத்தாக்கில் ஹாஃப்லிங்கர் குதிரைகளின் உயரம் அளக்கும் வேலையை முப்பத்தொரு வருடம் பார்த்தேன். சுமை இழுக்கும் குதிரைகளில் அது குட்டையான இனம். தேன் நிற உடம்பு, வெளுத்த பிடரி, மரக்கட்டையை இழுத்துக்கொண்டு செங்குத்துப் பாதையில் ஆடு மாதிரி ஏறும். அரபு ரத்தம் கலந்த ஒரு தகப்பனில் தொடங்கிய வம்சம் என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்து மலைமேல் எல்லைக்கோடு போட்டபோது, பெண் குதிரைகள் பெரும்பாலும் இத்தாலிப் பக்கமும் ஆண் குதிரைகள் ஆஸ்திரியப் பக்கமும் மாட்டிக்கொண்டன. அதையே தாக்குப்பிடித்த இனம். என்னைத் தாக்குப்பிடித்ததா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

வசந்த காலத்தில் மூன்று வயதுக் குதிரைகளைத் தேவாலயச் சதுக்கத்துக்கு ஓட்டி வருவார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கோலை வைத்து நான் அளப்பேன். எங்கள் சங்கத்தின் விதிப்படி நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டியது இனப்பெருக்கப் பட்டியலில் சேராது. பட்டியலில் சேராதது கீழ்த்தெருக் கசாப்புக்காரர் வீட்டில் இறைச்சியாகப் புகையில் தொங்கும். விதியை நான் எழுதவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில், அளவெடுப்பு முடிந்த அன்று, நோட்புர்கா என்ற பெண்ணை என்னோடு நடனம் ஆட அழைத்தேன். அவள் தன் குதிரை மேல் சாய்ந்து நின்றிருந்தாள். "இந்தக் குதிரைக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. இங்கேர்ந்து உன் தலை தெரிஞ்சா ஆடலாம்" என்றாள். என் உயரம் நூற்று நாற்பத்தொன்று. போய் நின்றேன். சதுக்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல வேடிக்கையை மதிக்கத் தெரிந்தவன் நான். பிறகு அவள் ஆறடி உயரமுள்ள மர வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். நிலைவாசலில் இடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார்.

என்னால் வளர முடியாது என்பது தெளிவு. ஆகவே மற்ற வழியை யோசித்தேன்.

அளவுகோலின் அடியில் இரும்புப் பூண் ஒன்று உண்டு. அதைக் கழற்றி, மரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்துவிட்டு, மறுபடி மாட்டினேன். உடனே குதிரைகளெல்லாம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தன. உயர்ந்தவை போயின, குட்டையானவை குட்டி போட்டன. நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் அறுத்தேன். வருடாவருடம் அறுத்தால் அது பேராசை.

யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்தேவான் திருநாளில் குதிரைகளுக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்கும்போது பாதிரியார் இந்தக் கோலுக்கும் தெளிப்பார். அப்படிப்பட்ட கோலை அளந்து பார்ப்பது எங்கள் ஊரில் பாதிரியாரையே அளந்து பார்ப்பது போல. கழுத்துப்பட்டைகள் தொளதொளத்தன, வைக்கோல் வண்டிகள் முன்பக்கம் குனிந்து நடந்தன.

"புல்லுல சத்தே இல்ல, அளவுக்காரரே."

"புல்லு என்ன பண்ணும்? கரண்டு கம்பி வந்ததுலேர்ந்துதான் இப்படி."

நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

ஒவ்வொரு முறை அறுத்தபின்னும் என்னையும் அளந்துகொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் வளர்கிறவர்கள் குறைவு என்று கேள்வி.

போனவை இருநூற்றுப் பன்னிரண்டு. எனக்கு இளகிய மனசு. வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் ஆப்பிள் துண்டு ஒன்று என் கையாலேயே கொடுத்தேன். பெயர்கள்கூட நினைவிருக்கின்றன. எங்கள் வழக்கப்படி தாயின் பெயர் தொடங்கும் எழுத்து வரிசையில்தான் பெண் குட்டிக்கும் பெயர். நோட்புர்கா வீட்டில் நோர்மா, நீனா, நாடியா. மூன்றும் போயின. அந்த வம்சத்தில் மிச்சம் நெரீனா மட்டும்.

போன செவ்வாய்க்கிழமை நோட்புர்கா அதை ஓட்டி வந்தாள். கோல் நூற்று நாற்பத்துநான்கு காட்டியது. நான் ஆப்பிளை எடுத்தேன்.

"கொஞ்சம் இரு" என்றாள். கோலை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தி, அதில் முதுகு ஒட்ட நின்றாள். "என் தலை எங்க வருது, படி."

"நூத்தி எழுபத்தாறு."

"பாஸ்போர்ட்டுல நூத்தி அறுபதுன்னு போட்டிருக்கு. எனக்கு வயசு அம்பத்தெட்டு, காஸியன். இந்த வயசுல யாராச்சும் வளருவாங்களா?"

நான் நெரீனாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"இப்ப என் தலை தெரியுதா?"

"தெரியுது. அதுக்கென்ன?"

"அன்னிக்கு நீதானே சொன்ன. தலை தெரிஞ்சா ஆடலாம்னு."

அவள் வெகுநேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நானா? எப்ப?" பிறகு, மெதுவாக, "நோர்மாவும் அதுக்காகத்தானா?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவள் குதிரையை அவிழ்த்து வீட்டுக்கு ஓட்டிப்போனாள். ஆப்பிள் என் கையிலேயே இருந்தது.

அறுத்தது நான், அனுப்பியது நான். அவ்வளவுதான், ஐயா, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். என் உயரத்தை உங்கள் இரும்பு நாடாவை வைத்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு யாரும் ஆசீர்வாதம் செய்யவில்லை. நூற்று ஐம்பத்தேழு என்று மாற்றிவிடுங்கள்.