பூட்டுப் படம் இல்லாத வட்டம்

இந்த அறைச் சுவரில் இரண்டு விதமான வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் சற்று மஞ்சள் கலந்தது, கதவுப் பக்கம் நீலம் கலந்தது. தினமும் இங்கே உட்காரும் உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்கு உள்ளே வந்ததுமே கண்ணை உறுத்தியது. தொழில் அப்படி. விளையாட்டுகளுக்கும் இணையதளங்களுக்கும் தோற்றம் வடிவமைத்துக் கொடுப்பவன் நான். பொத்தான், எழுத்து, நிறம், சின்னம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்க வேண்டும். எங்கள் வேலையின் உயிரே அதுதான்.

என் தங்கை கணவருக்கு அது பொம்மை போடும் வேலை. அவர் பசை தயாரிக்கும் ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். சாப்பாட்டு மேஜையில் என்னைப் பார்த்துவிட்டால் அவர் வாய் சும்மா இருக்காது. "என்ன மச்சான், இன்னைக்கு எத்தனை பொம்மைக்கு மீசை வெச்சீங்க?" என்பார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன் நான். அவள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் மீதுதான் எனக்கு வெறுப்பு. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒருமுறை நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்த பழம் பறிக்கும் விளையாட்டை அவரை ஆடிப் பார்க்கச் சொன்னேன். பச்சைப் பழம் நல்லது, சிவப்புப் பழம் விஷம். சின்னக் குழந்தைகூடத் தப்பித்துவிடும். இவர் ஒவ்வொரு முறையும் செத்தார். தங்கை சமையலறையில் இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் மச்சான். வேலைக்குச் சேர்றப்ப கண் பரிசோதனைய மனப்பாடம் பண்ணி ஒப்பேத்திட்டேன். அவளுக்குக்கூடத் தெரியாது. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன் மாப்பிள்ளை" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நீங்கள்தான் முதல் ஆள்.

பிறகு அவருடைய ஆலையே எங்கள் நிறுவனத்தைத் தேடி வந்தது. இணையதளத்திலிருந்து இயந்திரங்களின் கட்டுப்பாட்டுத் திரைவரை எல்லாவற்றையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பழைய திரை பார்க்கச் சகிக்காது. பசை கலக்கும் பெரிய பீப்பாய்க்கு அதில் ஒரு வட்டம் இருந்தது. மின் பிரிவினர் வேறு அறையிலிருந்து மின்சாரத்தைத் துண்டித்திருந்தால் வட்டம் பச்சை, அதற்குள் ஒரு பூட்டுப் படம். அப்போது ஆள் உள்ளே இறங்கி ஒட்டிய பசையைச் சுரண்டலாம். வட்டம் சிவப்பாக இருந்தால் பீப்பாய் எந்த நொடியும் தானாகச் சுழலும். இவர் அத்தனை வருடமும் பூட்டைப் பார்த்தே பிழைத்து வந்தவர்.

நான் பூட்டை எடுத்துவிட்டேன்.

எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. சிவப்பும் பச்சையும் பிரியாத கண்ணுக்குத் திரை எப்படித் தெரியும் என்று காட்டும். அப்படிப்பட்டவர்கள் தடுமாறிவிடக் கூடாதே என்று வைத்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிறத்தை ஏற்றி, இன்னொன்றை இறக்கி, இரண்டும் ஒரே மங்கிய பழுப்பாகும்வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் பார்த்ததில்லை. மற்றவர்கள் கண்ணுக்கு அது நல்ல சிவப்பு, நல்ல பச்சை.

எங்கள் சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் கேட்டாள். "சார், வட்டத்துக்குள்ள ஏதாவது குறி போடலாமே? வழக்கமா போடுவோமே?"

"மத்த திரைகளோட ஒட்டாதும்மா, தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும்" என்றேன். ஆலை மேலாளர் புதுத் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

சில நாளில் தங்கை கணவர் முதல்முறையாக என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், அந்தப் பூட்ட மட்டும் திருப்பி வெச்சிடுங்க. இப்ப பக்கத்து மிஷின்காரர்கிட்ட சும்மா பேசற மாதிரி கேட்டுத்தான் உள்ள இறங்கறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஓட்டறது? கால்ல வேணா விழறேன்."

"அதெல்லாம் எதுக்கு? உங்க மேலாளர் மூலமா, காரணத்தோட, எழுத்துல வரட்டும். உடனே செஞ்சு தர்றேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல மாப்பிள்ளை."

காரணத்தை எழுதினால் வேலை போகும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அன்று மீசை, பொம்மை என்ற பேச்சே வரவில்லை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

பக்கத்து மிஷின்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டதைத் தங்கை போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். நாளைக்கு இவர் தனியாகத்தான் சுத்தம் செய்ய வேண்டுமாம், ஒரே புலம்பலாம். "பாத்து இருக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் அவர் பீப்பாய்க்குள் இறங்கியபோது வட்டம் சிவப்பாக இருந்தது. மிச்சத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

விபத்து என்றே நீங்களும் முடித்திருப்பீர்கள். அந்தச் சோதனைப் பிரிவுப் பெண், நான் நிறங்களை ஏற்றி இறக்கிப் பார்த்த பழைய கோப்புகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள், கெட்டிக்காரிதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கொல்லத்தான் அந்த வட்டத்தை அப்படி வடிவமைத்தேன். திரையில் குறை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் ஒருவரைத் தவிர அந்த ஆலையில் யாருக்கும் அதனால் ஒரு கீறல்கூட விழவில்லை.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கட்டும், கோபம் இருக்கத்தான் செய்யும். கொஞ்ச நாள் போனால் வந்துவிடுவாள். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?