பிர்த்தே இளைக்காத காரணம்

நல்ல கஞ்சிக்கு ஓட்ஸ் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். நீங்கள் கேட்டது அதில்லை என்று தெரியும். ஆனால் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வு பெற்று, எஸ்பியர் துறைமுக ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் சமைப்பேன், என் மனைவி பிர்த்தே எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். கடலில் நான் ஏங்கியது இவ்வளவுக்குத்தான். போன வருஷ வசந்தத்தில் டாக்டர் அவளிடம், சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, பத்து கிலோ குறையுங்கள் என்றார். அவள் ஓட ஆரம்பித்தாள்.

ஓட்டம் எனக்குத் தொந்தரவே தரவில்லை. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு அகோரப் பசியோடு வருவாள். கஞ்சியில் வெண்ணெயைக் கூட்டினேன். ஓடியதெல்லாம் உடம்புக்கே திரும்பிவிட்டது. பிறகு ஜிம்மில் சேர்ந்தாள். பயிற்சியாளர் சீனே அவளை அரை நிமிஷம் உயிரைக் கொடுத்து சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு நிமிஷம் மூச்சு வாங்க விடுவாள். இறங்கிய பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் எரித்துக்கொண்டிருக்குமாம். நான் சூப்பில் கிரீமைக் கூட்டினேன்.

எடை தூக்குவதுதான் என்னைத் திணறடித்தது. தசை கூடிவிட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு சற்று அதிகமாகச் செலவழிக்கிறது. அவள் வாங்கிய உடற்பயிற்சிப் புத்தகங்களை அவளைவிட நான்தான் கவனமாகப் படித்தேன். பயிற்சி முடிந்ததும் ஜிம் பெண்களோடு காபி, சிரிப்பு. மேசையில் நான் மட்டும். கொழுப்பு நீக்கியது என்று எழுதிய தயிர் டப்பாக்களில் முழுக் கொழுப்புத் தயிரை நிரப்பி வைத்தேன்.

ஒரு மாலை எடை பார்த்துவிட்டு அழுதாள். "என் உடம்புதான் சரியில்ல, பிரேபென். மத்தவங்களுக்கெல்லாம் குறையுது."

"விடு பிர்த்தே. எனக்கு நீ இப்படியே அழகுதான்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். வெகு நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவ்வளவு நல்ல மாலை எங்களுக்கு வாய்த்ததில்லை.

சீனேவுக்குத்தான் பொருந்தவில்லை. இவ்வளவு உழைப்புக்கு எடை இறங்காமல் இருக்காது, கஞ்சியைக் கொண்டுவா, சோதிக்கலாம் என்றிருக்கிறாள். பிர்த்தே அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "உன் கஞ்சிமேல சந்தேகமாம். பாவம் நீ."

மறுநாள் காலை மரப்படிகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைக்காமல் விட்டேன். ஆமாம், வேண்டுமென்றேதான். ஒரு வாரம் படுத்திருந்தால் போதும் என்று நினைத்தேன். வழுக்கி விழுந்தவளுக்கு இடுப்பு இரண்டு இடத்தில் உடையும் என்று யார் கண்டது. சீனேவுக்கென்று அவள் கையில் கொண்டுபோன கஞ்சி டப்பா மட்டும் திறக்கவே இல்லை. கப்பலுக்கென்று செய்தது, மூடி அவ்வளவு இறுக்கம். அதை சீனே ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப் போய்ச் சோதிக்கக் கொடுத்ததால்தான் போலீஸ் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆனால் பாருங்கள், இப்போது அவள் எங்கும் போவதில்லை. மூன்று வேளையும் என் எதிரில்தான். டாக்டர் சொன்ன சர்க்கரையும் வந்துவிட்டது. இன்சுலின் ஊசியை நான்தான் போடுகிறேன், என் கையால் போட்டால் அவளுக்கு வலிக்காதாம். இதையெல்லாம் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். மனசு கஷ்டப்பட்டால் அவள் சரியாகச் சாப்பிட மாட்டாள்.