எழுபத்தாறாம் வருஷத்துப் பாலிசி

— அப்போ அந்த இன்சூரன்ஸ் கம்பெனி இன்னும் உயிரோடதான் இருக்குங்கறியா, டெஸ்மண்ட்?

— பேர்தான் மாறிப்போச்சு, பெர்னிஸ்ம்மா. ஒருத்தன் அதை வாங்கினான், அவனை இன்னொருத்தன் வாங்கினான். ஆனா வாங்கறவன் பழைய வாக்கையும் சேர்த்துத்தான் வாங்கணும். எழுபத்தாறுல உங்க டிரை கிளீனிங் கடைக்குக் குடுத்த பாலிசிக்கு இன்னிக்கும் அவங்கதான் பொறுப்பு.

— மாதாவே! அந்தப் பாலிசிதான் என்கிட்ட இல்லையே. நிலவறையில வெள்ளம் வந்தப்ப எல்லாம் கூழாப் போச்சு.

— உங்ககிட்ட இருந்ததுதான் போச்சு. நீங்க அப்பல்லாம் பள்ளிக்கூட பேண்டு வாத்தியப் பசங்களோட சீருடையை வெளுத்துக் குடுப்பீங்க இல்ல?

— ஆமா! நீலத் துணி, தங்கப் பின்னல். அவங்க வாசிக்கற கால்பந்து சீசன் முடிஞ்சா கடை முழுக்கத் தொங்கும். கதவைத் திறந்தா காத்துல எல்லாம் ஆடும். உள்ள ஆளே இல்லாம ஒரு அணிவகுப்பு போற மாதிரி இருக்கும்.

— அந்தத் துணிக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்புன்னு பள்ளிக்கூடத்துல உங்க இன்சூரன்ஸுக்கு அத்தாட்சி கேட்டிருக்காங்க. அவங்க எதையும் தூக்கிப் போடறதில்ல. அந்த அத்தாட்சி பாலிசி நம்பரோட அங்க கிடைச்சுது.

— நீ துப்பறியறவனா, குப்பை பொறுக்கறவனா?

— தொலைஞ்ச பாலிசியைத் தேடறதுதான் என் பிழைப்பு, ரெண்டும்னே வெச்சுக்குங்க. ஆனா இங்கதான் அழகே இருக்கு, கேளுங்க. இப்ப எடுக்கற பாலிசியில, கடையால மண்ணும் தண்ணியும் விஷமாக் கெட்டா பணம் தர மாட்டோம்னு எழுதிடறாங்க. அப்ப யாருக்கும் அப்படிக் கறாரா எழுதத் தோணலை. அதுமட்டுமில்ல, அந்தப் பாலிசிக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வருஷம். அந்த வருஷத்துல கெட்டதுக்கு எப்பக் கேட்டாலும் பதில் சொல்லும். அப்புறம் உலகத்துல என்ன நடந்துதுன்னு அதுக்குத் தெரியாது. அது இன்னும் எழுபத்தாறுலயே உக்காந்திருக்கு.

— கனவு மாதிரி இருக்கு. அங்க எனக்கு இருபத்தாறு வயசு. பாட்டு முணுமுணுத்துக்கிட்டு மெஷின் பக்கத்துல நிக்கறேன். மெஷின்லருந்து வெளுக்கற கரைசல் சொட்டுச் சொட்டா தரை விரிசல்ல இறங்குது. நான் குனிஞ்சுகூடப் பாக்கலை.

— இறங்கி, மணலுக்குள்ள நடந்து, நிலத்தடித் தண்ணியில கலந்து, ஆத்தைப் பாக்க மெதுவாப் போயிட்டே இருக்கு. இப்ப நாம பேசறப்பவும்.

— சரி, பணம் வந்துடும்னா போதும். சுத்தம் பண்ணுன்னு இந்தியானா அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டினதுலருந்து எனக்குத் தூக்கமில்ல. கடையையும் வீட்டையும் வித்தாலும் அந்த மண்ணைக் கழுவிக் குடுக்க முடியாது.

— இதுல ஒரு முள்ளு இருக்கும்மா. இது உங்க நஷ்டத்துக்கான பாலிசி இல்ல. உங்களால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கானது. விஷம் உங்க இடத்துக்குள்ளயே நின்னுட்டா ஒரு சென்ட்கூடத் தர மாட்டாங்க. வேலியைத் தாண்டியிருக்கணும்.

— வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் வீடு.

— அவர்தான் மண்ணுல துளை போட்டுப் பாக்க விட மாட்டேங்கறாரே! மூணு தடவை போய்ட்டேன். கடைசித் தடவை தோட்டத்துக் குழாயைத் திருப்பி என் ஷூ மேலயே விட்டார்.

— அதோ, ஆளே வந்தாச்சு. நீயே கேளு. ஹார்லன், காலைத் தொடைச்சுட்டு வா!

— தொடைச்சாச்சு, பெர்னிஸ். தக்காளி கொண்டாந்தேன். என்ன தம்பி, ஷூ காஞ்சுதா?

— காஞ்சுது, ஐயா. ஒரே ஒரு கேள்வி. உங்க இடத்துல தண்ணி கெட்டிருக்கான்னு...

— கெட்டுத்தான் இருக்கு. வெயில் ஏறினா நிலவறையில இனிப்பா ஒரு வாசனை வரும், தலை கிறுகிறுக்கும். வருஷக்கணக்கா இருக்கு. நான் குடிக்கறது டவுன் தண்ணி, என்னமோ போ.

— மாதாவே! என்கிட்ட ஏன் சொல்லலை?

— சொன்னா பழி உன் தலையில விழும். அதான் ஒருத்தனையும் தோண்ட விடலை. நான் வாயை மூடிக்கிட்டிருந்தா உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்.

— நேர்மாறு, ஐயா! நீங்க வாயைத் திறந்தாத்தான் அந்தப் பாலிசி கண்ணைத் திறக்கும். நீங்க பெர்னிஸ்ம்மா மேல கேஸ் போடணும்.

— இவ மேலயா? காப்பியில என்னத்தைக் கலந்து குடுத்தே, பெர்னிஸ்?

— போடு, ஹார்லன். நீ போட்டா அந்தக் கம்பெனி பதில் சொல்லியாகணும். உன் வீட்டடியும் சுத்தமாகும், என் கடையும் நிக்கும்.

— ஊர்ல ஒருத்தி, தன் மேல கேஸ் போடச் சொல்லிக் கெஞ்சறா. என்னமோ போ. பேனா குடு தம்பி.

— இந்தாங்க, வக்கீல் பேப்பரை எழுதியே குடுத்திருக்கார். அப்புறம், சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் உறவு இல்லையே? ஏன்னா அந்தப் பாலிசியில கடைக்காரரும் வாழ்க்கைத்துணையும் ஒரே கட்சி. தன் மேல தானே கேஸ் போட முடியாது பாருங்க. என்ன, ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க?

— நீயே சொல்லு, பெர்னிஸ்.

— போன சனிக்கிழமை, டெஸ்மண்ட். பதிவு ஆபீஸ்ல. என் பசங்களுக்கே இன்னும் சொல்லலை. எல்லாம் போச்சா?

— இருங்க, இருங்க. ஐயா, எழுபத்தாறுல நீங்க இங்க இருந்தீங்களா?

— அந்த வருஷம்தான் நானும் என் முதல் சம்சாரம் லொரெய்னும் வீடு வாங்கினோம். அவ போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. பெர்னிஸோட முதல்ல பேசினது எழுபத்தெட்டுல, அந்தப் பெரிய பனிப்புயலப்போ. ரெண்டு பக்கத்துலருந்தும் பனியை வெட்டிட்டே வந்தோம், நடுவுல மண்வெட்டி இடிச்சுக்கிச்சு.

— அப்ப நமக்கு ஒரு வாதம் இருக்கு. அந்தப் பாலிசிக்குத் தெரிஞ்ச வருஷத்துல நீங்க வெறும் பக்கத்து வீட்டுக்காரர். ஆனா அவங்க வக்கீல் சும்மா விட மாட்டார். ஜெயிப்போம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

— வேண்டாம், ஹார்லன். கல்யாணமாகி ஒரு வாரத்துல கேஸ் போட்டான்னு ஊரே சிரிக்கும். பேனாவைக் கீழ வெச்சுடு.

— எதுக்கு வைக்கணும்? கேஸ் போடறது நான் இல்ல, பெர்னிஸ். அங்க எழுபத்தாறுல, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இப்பத்தான் சாமான் இறக்கிட்டிருக்கான். அவனுக்கு இன்னும் உன் பேரே தெரியாது.