வயிற்றுக்குள் இரண்டு லிட்டர்

— மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கம்மா. குழாயில தண்ணி எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பார்த்தாத்தான் வயித்துக்குள்ள எவ்வளவு அழுத்தம்னு தெரியும்.

— நான் எங்க சிஸ்டர் பிடிக்கிறேன்? ரெண்டு லிட்டர் டயாலிசிஸ் தண்ணியை உள்ள வச்சுக்கிட்டு இதுக்கு மேல எப்படித் தளர்த்துறது?

— இருபத்தொண்ணு சென்டிமீட்டர். போன தடவை பதிமூணுதான். தொப்புள்கிட்ட இந்தப் புடைப்பு எப்பலேர்ந்து?

— ஒரு வாரமா இருக்கும். படுத்தா உள்ள போயிடுது.

— இருமல் இருக்கா? மலச்சிக்கல்?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— அப்ப எதையோ தூக்குறீங்க. டயாலிசிஸ் தண்ணி உள்ள இருக்கும்போது கனம் தூக்காதீங்கன்னு முதல் நாளே தலையில அடிச்சுச் சொன்னேன்.

— தண்ணிக் குடம் ஒண்ணு ரெண்டு...

— உங்க வீட்டுல குழாய் சமையல்கட்டு வரைக்கும் வருது. டயாலிசிஸ் தண்ணிப் பையெல்லாம் எங்க அடுக்கறதுன்னு வந்து பார்த்தவளே நான்தான். என்கிட்டயா குடம்?

— தங்கச்சியைத் தூக்குறேன், சிஸ்டர்.

— வெளிய சக்கர நாற்காலியில உக்காந்திருக்காங்களே, அவங்களையா? காலையும் சாயங்காலமும் ஒரு அம்மா வர்றதாச் சொன்னீங்களே.

— மக பிரசவத்துக்குப் போறேன்னு போனவதான், நாலு மாசம் ஆச்சு, ஆளே காணோம். இவளுக்கு ரெண்டு வயசுக் காய்ச்சல்ல கால் ரெண்டும் விழுந்துடுச்சு. உணர்ச்சியெல்லாம் இருக்கு, நிக்கத்தான் முடியாது. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, நாற்காலியிலேர்ந்து கழிப்பறைக்கு. அம்பது கிலோ. இடுப்பைக் கட்டிப் பிடிச்சு ஒரு தம் கட்டுவேன்.

— அந்தத் தம்லதான் கிழிஞ்சிருக்கு. இது குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணி, ஆறு வாரம் ரத்த டயாலிசிஸுக்கு மாறணும்.

— வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் இங்க வந்து கிடக்கணும். அவளை யார் பார்ப்பா? அதுக்காகத்தானே வயித்துல குழாய் போட்டுக்கிட்டு வீட்டோட இருக்கேன்.

— அதுவரைக்குமாவது தண்ணியை வடிச்சுட்டுத் தூக்குங்க.

— செஞ்சு பார்த்தேன். வடியறதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோடின்னேன். பாவம், நாற்காலியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டா. நாப்பத்தோரு வயசுப் பொம்பளை. துடைக்கிற வரைக்கும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டா. அதுக்கப்புறம் பகல்ல என்னைக் கூப்பிடுறதே இல்ல. காலையில ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. எனக்கும் கொஞ்சம் சுமை குறைஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

— நாள் பூரா ரெண்டே தடவையா?

— ஆமா. ஏன் சிஸ்டர்?

— ஆயா, வெளிய இருக்கற அம்மாவை உள்ள தள்ளிக்கிட்டு வாங்க.

— என்ன அக்கா, பாஸா ஃபெயிலா? சிஸ்டர் முகத்தைப் பார்த்தா ஃபெயில் மாதிரிதான் தெரியுது.

— இந்தாங்க, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க.

— வேண்டாம் சிஸ்டர். வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்.

— இன்னிக்கு எவ்வளவு குடிச்சீங்க?

— மாத்திரை முழுங்க ரெண்டு மடக்கு.

— என்ன மாத்திரைடி? நீ எப்ப மாத்திரை போட ஆரம்பிச்சே?

— முதுகு வலிக்குத்தான். ரெண்டு பக்கமும் விலாவுக்குக் கீழ குத்துது. உக்காந்தே கிடக்கறேன்ல, அதான்.

— தினமும் போடுறீங்களா?

— மூணு மாசமா. மருந்துக் கடையிலேர்ந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துடுவாங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி.

— சொன்னா நிறையத் தண்ணி குடின்னு உயிரை எடுப்ப. குடிச்சா நீதானே என்னைத் தூக்கணும்?

— கால் எப்பவுமே இப்படித்தான் வீங்கியிருக்குமா?

— இல்ல சிஸ்டர். இப்பக் கொஞ்ச நாளாத்தான். தொங்கப் போட்டே உக்காந்திருக்கறதால இருக்கும்.

— சரி. கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தம் எடுத்துப் பார்க்கணும். சட்டைக் கையை மேல ஏத்துங்க.

— அக்கா, சிஸ்டர் சொல்றாங்க பாரு. கையை நீட்டு.

— அவங்க இல்லம்மா. நீங்க.